இடது பக்கத்துத் தண்ணீர்

மே 3, சனி

இன்று படகைத் தண்ணீரில் இறக்கினோம். ஆறு மாதமாக வெள்ளை பிளாஸ்டிக்கால் சுற்றிக் கரையில் கிடந்தது. இறக்கியதும் அலோசியஸ் சிலுவை போட்டுக்கொண்டார், உதவியாள் பொனிபாஸ் அண்ணை இயந்திரத்தை முடுக்கினார், நான் வழக்கம்போலக் கரையில் நின்றேன்.

இந்தக் கொப்பி படகின் நாட்பதிவுக்காக வாங்கியது. எத்தனை பேர் ஏறினார்கள், காற்று எந்தப் பக்கம், என்ன மீன் பிடிபட்டது என்பதையெல்லாம் படகை ஓட்டும் கப்ரன் தினமும் எழுத வேண்டும். கப்ரன் என்றால் என் மனுசன் அலோசியஸ். அவருக்கு எழுதுவதென்றாலே கை உளையும். கரைக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முன்பக்கத்திலிருந்து படகுக்கு, பின்பக்கத்திலிருந்து எனக்கு. அங்கே அவர் சொல்வது, இங்கே நான் சொல்வது.

எங்கள் தொழிலைப் பற்றி ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்குள் போய், அவர்கள் கையில் தூண்டில் தடியைக் கொடுத்து, மீன் பிடிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவருவது. பிடித்த மீனில் பாதியைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறார்கள். பாசையூரில் மீன்பிடித்த என் அப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்தே புரைக்கேறியிருப்பார்.

நான் மெற்றில்டா. வயது ஐம்பத்து நான்கு. அப்பா, அப்பாவின் அப்பா, மனுசன், எல்லோரும் கடலோடிகள். நான் இதுவரை ஒரு படகில் ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் தொழில் படகில் கால் வைப்பதில்லை. காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் கனடாவுக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் அலோசியஸ் அதை விடவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

காற்று. பயணம் இல்லை. படகில் வருபவர்கள் சாப்பிட, இந்தக் கிழமைக்கென்று அறுபது றோல்ஸ் சுற்றினேன்.

யூன் 14, சனி

இன்று ஆறு தாதிமார் வந்தார்கள். ஆறு பேரும் பெண்கள். சிரிப்பும் கூத்துமாக ஏறிப் போனார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிவந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இறங்கினார்கள். எதையோ பார்த்துவிட்டு வந்தவர்களின் முகம். ஒருத்தி என் கையைப் பிடித்து, நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி, தினமும் இதைப் பார்க்கிறாய் என்றாள். நான் தலையாட்டினேன்.

பிறகு அலோசியஸிடம் கேட்டேன். "காசு குடுக்கிற பொம்பிளையள் ஏறலாம், சோறு குடுக்கிற பொம்பிளை ஏறக்கூடாதோ?"

"அவையள் விருந்தாளியள்," என்றார். "நீ வீட்டாள்."

படகின் இடது பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். துறையில் யாரோ தங்கள் படகைக் கட்டும்போது இடித்திருக்க வேண்டும்.

யூன் 29, ஞாயிறு

காரை இனி நான்தான் ஓட்ட வேண்டுமாம். "விடியக்காலமை எழும்பிறது, களைப்பா இருக்கு" என்கிறார். எனக்குச் சந்தோஷம்தான். அவர் ஓட்டினால் மற்றக் கார்க்காரர்களுக்கெல்லாம் ஏச்சு விழும்.

சமையலறையில் என்னை இடித்து ஒரு சட்டி கறியைக் கொட்டினார். "பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நிக்கிறாய்" என்று எனக்கே ஏச்சு. நான் அரை மணித்தியாலமாக அங்கேதான் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

யூலை 12, சனி

முப்பத்தொரு இறாத்தலில் ஒரு சமன் மீன், கிட்டத்தட்டப் பதினாலு கிலோ. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பிடித்தார். நாற்பது நிமிடம் இழுத்தாராம். கரையில் மேசைமேல் வைத்தபோது நான் ஈரத் துணியால் துடைத்தேன். இவ்வளவு பெரிய மீனுக்கு உப்பு வாசனையே இல்லை. கழுத்துப் பக்கம் ஊதாவாக மினுங்கியது. துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பொனிபாஸ் அண்ணை படம் எடுக்க வரவில்லை. அவர் என் பெரியப்பாவின் மகன், அலோசியஸுக்கு உதவியாள், வாய் ஓயாத மனிதர். இப்போதெல்லாம் கரைக்கு வந்ததும் நேரே போய்க் காரில் உட்கார்ந்துவிடுகிறார்.

யூலை 27, ஞாயிறு

பொனிபாஸ் அண்ணை நின்றுவிட்டார்.

துறையில் வைத்து என்னிடம் படகுச் சாவியைத் தந்தார். "எனக்கு ஏலாது தங்கச்சி. இன்னும் ஒரு நாள் ஏறினாலும் நித்திரை வராது" என்றார்.

"என்ன நடந்தது அண்ணை?"

"மச்சானைக் கேள்," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டேன். படகில் அண்ணை போடும் பழைய பாட்டுக்களை நிறுத்தச் சொன்னாராம், அதில் கோபமாம். பதினாறு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒரு பாட்டுக்குப் பிரிவார்களா? ஆண்கள் பிரிவார்கள் என்று எழுதி வைக்கிறேன்.

யூலை 31, வியாழன்

ஆள் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் முழுவதும் பதிவு. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தனி ஆளாக ஓட முடியாது. பெயருக்கு இருக்கட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு பாதுகாப்பு வகுப்புக்குப் போனவள் நான். சான்றிதழ் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. அலோசியஸ் இரவுச் சாப்பாட்டின்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை நீ வா," என்றார்.

நான் கையில் எடுத்த சோற்றைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தேன்.

ஓகஸ்ட் 2, சனி



ஐந்தரை மணிக்கு ஏறினேன். பலகையிலிருந்து படகுக்கு ஒரு சின்னக் காலடி. கீழே தண்ணீர் அசைந்தது, ஏறிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. அலோசியஸ் என்னைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார்.

துறையில் அலையைத் தடுக்கும் கல்லணையைத் தாண்டியதும் படகு நிமிர்ந்து ஓடத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் கட்டடங்கள், பிறகு மரங்கள், பிறகு ஒரு பச்சைக் கோடு, பிறகு ஒன்றும் இல்லை. ஏரி என்று சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் குளம் என்று நக்கல் அடிப்பார்கள். நாலு பக்கமும் நான் பார்த்தது தண்ணீர், தண்ணீர், மேலே வானம். சூரியன் எழும்பியபோது வந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக மூடிக்கொண்டார்கள்.

கையை விட்டு அள்ளினேன். குளிர் எலும்பில் ஏறியது. ஒரு வாய் குடித்தேன். உப்பு இல்லை. இவ்வளவு தண்ணீர், அடிவானம் வரைக்கும், அவ்வளவும் குடிக்கிற தண்ணீர். பாசையூரில் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவள் நான். அழுகை வந்தது, ஒளிக்காமல் அழுதேன். வந்தவர்களில் ஒருவர் தலைச்சுற்றுக்கு மாத்திரை நீட்டினார்.

ஆழம் காட்டும் திரையில் நூற்றெண்பது அடி. நடுத்தண்ணீரில் வளைவு வளைவாகக் கோடுகள். "அதுதான் மீன்," என்றார் அலோசியஸ். எங்கள் காலுக்குக் கீழே, இருட்டில், ஒவ்வொன்றும் என் கை நீளம், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார். முன்னால் இடது பக்கம் நின்று கண்ணில் படுவதையெல்லாம் சொல்ல வேண்டும். படகு, மிதவை, மரக்கட்டை, பறவை, எதுவானாலும். "இடது பக்கம் முழுக்க உன்ரை பொறுப்பு," என்றார். முதல் நாளிலேயே இவ்வளவு நம்பிக்கையா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஓகஸ்ட் 9, சனி

ஐந்தாவது பயணம். "இடதிலை பாய்ப்படகு, தூரம்." "இடதிலை மிதவை, சிவப்பு." எனக்கு இப்போது இது செபமாலை போலத் தானாக வருகிறது. நான் சொல்லும்போது அவர் முழுத் தலையையும் திருப்பிப் பார்க்கிறார். சிலருக்கு அப்படி ஒரு பழக்கம்.

மூன்று நாள் வடகாற்று அடித்து நின்றபின் இன்று ஏரியின் நிறமே மாறியிருந்தது. மேல்தண்ணீர் தள்ளுப்பட்டுப் போய் அடித்தண்ணீர் மேலே வந்துவிட்டதாம். புதன்கிழமை குளிக்கலாம் போல இருந்த தண்ணீர் இன்று கையை வெட்டியது. இத்தனை பெரிய ஏரி நித்திரையில் புரண்டு படுத்திருக்கிறது.

ஓகஸ்ட் 16, சனி

முன்பக்கத்தில் எழுதியிருப்பது இது: காற்று சோழகம், லேசாக. ஆறு பேர். ஐந்து மீன். வேறு விசேடம் இல்லை.

நடந்தது இது. திரும்பி வரும்போது நான் பின்னால் நின்று, வந்தவர்களுக்காக மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்லணைக்கு அருகில் வந்துவிட்டோம், இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கத்தியைக் கழுவ நிமிர்ந்தபோது இடது பக்கம் மஞ்சளாக ஒன்று. துடுப்புத் தோணி. ஒரு பெண்ணும் அவளுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டையும். நாங்கள் நேரே அவர்கள்மேல் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடி. பிறவிக்குருடனைத் தவிர எவனுக்கும் தெரியும்.

"வலது! வலது!" என்று கத்தினேன். அவர் கேள்வி கேட்காமல் சுக்கானைத் திருப்பினார். தோணி எங்கள் அலையில் தூக்கிப்போட்டு ஆடியது, கவிழவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

வந்தவர்கள் எல்லோரும் போனபின் படகிலேயே இருந்தோம்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"போன மாரிக்கு முந்தின மாரி." கண்ணில் அழுத்தமாம். சொட்டு மருந்து விடுகிறாராம், குளியலறை அலுமாரியில் நான் பார்த்த சின்னப் போத்தல் அதுவாம். "நேராப் பாத்தால் எல்லாம் வடிவாத் தெரியுது மெற்றில். இடது பக்கம்தான் இல்லை. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. இல்லவே இல்லை."

"பொனிபாஸ் அண்ணைக்குத் தெரியும்."

"தெரியும்."

கீறலும், கறிச்சட்டியும், காரும், பாட்டும் எல்லாம் எனக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றன. நான் முட்டாள் இல்லை. எனக்கு எப்போது தெரியும் என்பதை இந்தக் கொப்பியில் எழுதப்போவதில்லை.

"நீ நிண்டால் பயமில்லை," என்றார். "இண்டைக்கு நீ அங்கை நிக்கேல்லை, அவ்வளவுதான்."

நிறுத்துங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கும் பயணம் இருக்கிறது. படகு நின்றால் எனக்கும் ஏரி இல்லை. அதுதான் காரணம், வேறு சாட்டுச் சொல்ல மாட்டேன்.

ஓகஸ்ட் 30, சனி

மீன் வெட்டுவதைக் கரைக்கு மாற்றிவிட்டேன். றோல்ஸும் அவர்களே எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். நான் இடத்தை விட்டு அசைவதில்லை.

செப்ரெம்பர் 6, சனி

பத்து மணியளவில், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்து வந்தது. செம்மஞ்சளில் கறுப்புக் கோடு. வழி தவறிய ஒன்று என்று நினைத்தேன். பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், காற்றோடு சண்டை பிடிக்காமல், எல்லாம் தெற்கு நோக்கிப் போயின. மெக்சிக்கோ வரை போகுமாம். சில எங்கள் படகில் இறங்கி இளைப்பாறின. தடியில், கயிற்றில், ஒரு கிழவரின் தொப்பியில், அலோசியஸின் தோளில். அவர் மூச்சு விடாமல் நின்றார். கடதாசி போன்ற இறகுகளை வைத்துக்கொண்டு இந்த ஏரியைக் கடக்கத் துணிந்த அவற்றைப் பார்த்து எனக்கு உடம்பு புல்லரித்தது. ஒன்று என் மணிக்கட்டில் இருந்தது. அதன் கால்கள் என் தோலைப் பிடிப்பது தெரிந்தது.

எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றேனோ தெரியாது. செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபிக்கும் நேரம் இருக்கலாம்.

பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் படகு ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் யாரும் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த வெறும் தண்ணீரில் மஞ்சள் தோணியும், அந்தப் பெட்டையும் எனக்குத் தெரிந்தார்கள். கரைக்கு வரும்வரை என் பல்லுக் கிட்டியபடியே இருந்தது. வந்தவர்கள் குளிர் என்று நினைத்துப் போர்வை தந்தார்கள்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

கடைசிப் பயணம். நான் ஏறியது மொத்தம் இருபத்து மூன்று நாள்.

ஒக்ரோபர் 11, சனி

ஏரியை விட்டு ஆற்றில் ஏறும் சமனைப் பார்க்கப் போனோம். முழங்கால் அளவு தண்ணீரில் முப்பது இறாத்தல் மீன்கள், முதுகு வெளியே தெரிய, கல்லில் உரசி, தோல் கிழிந்து, ஏறுகின்றன. ஆற்றுக்குள் வந்தபின் ஒன்றும் தின்னாதாம். முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகுமாம். ஒரு மீன் அணைக்கட்டில் பாய்ந்து பாய்ந்து பதினேழு தடவை விழுந்தது. பதினெட்டாவதில் ஏறியது. கரையில் நின்ற அத்தனை பேரும், முன்பின் தெரியாதவர்கள், ஒன்றாகக் கைதட்டினோம்.

அலோசியஸ் தட்டவில்லை. அது அவருக்கு இடது பக்கம் நடந்தது.

"என்ன, என்ன?" என்றார்.

"ஒண்டு ஏறிப்போட்டுது," என்றேன்.

காரில் வரும்போது சொன்னார், அடுத்த வருடம் ஏப்பிரலிலேயே தொடங்கலாம், கப்ரன் பத்திரத்தைப் புதுப்பிக்க வைத்தியச் சோதனை அடுத்த மாதம், எழுத்து வாசிக்கச் சொல்வார்கள், அதில் தனக்குப் பிரச்சினையே இல்லை என்று. நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

நவம்பர் 5, புதன்

வைத்தியச் சோதனை. எங்கள் குடும்ப வைத்தியர் இல்லை, இதற்கென்று இருக்கும் வேறு டொக்ரர். தமிழர், சின்ன வயது, மரியாதையான பிள்ளை. அலோசியஸ் கடைசி வரி வரை எழுத்துக்களை வாசித்தார். சுவரில் அந்த அட்டையின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தார்.

"இருவது வயசுப் பெடியன்ரை கண் ஐயா," என்றார் டொக்ரர். "கண்ணிலை வேறை ஒரு வருத்தமும் இல்லைத்தானே?"

"இல்லை."

பேனா தாளில் பட்டது.

அலோசியஸின் வலது கை நாற்காலியின் பிடியைப் பிடித்திருந்தது. அந்தக் கையில் நரம்பு ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். ஏரி முழுவதும் ஒரு தடவை எனக்குள் வந்து போனது. காலை ஐந்தரை, குளிர், பச்சைக் கோடு மறையும் இடம், எல்லாம்.

"டொக்ரர்," என்றேன். "இவருக்கு இடது பக்கம் தெரியாது."

அலோசியஸ் திரும்பவில்லை. டொக்ரர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார். "நேரே சுவரைப் பாருங்கோ ஐயா. என்ரை விரல் தெரிஞ்சவுடனை சொல்லுங்கோ." இடது காதுக்குப் பின்னாலிருந்து விரலை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். காது, கன்னம், கண்ணின் ஓரம். அலோசியஸ் பேசவில்லை. விரல் இன்னும் வந்தது. மூக்குக்கு நேரே வரப்போகும்போது, "இப்ப," என்றார்.

டொக்ரர் மேசையில் இருந்த அந்தத் தாளை எடுத்துக் கிழித்தார்.

நவம்பர் 6, வியாழன்

கதைக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

கதைக்கவில்லை. மீன் குழம்பு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். ஆனாலும் கதைக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பொனிபாஸ் அண்ணை வந்தார். கோயில் வாசலில் பனிக்குள் நின்று, "நான் செய்யவேண்டியதை நீ செய்திட்டாய் தங்கச்சி. நான் ஓடிப்போனனான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு போனது. அண்ணைதான் சொன்னார். தை மாதத்தில் கப்ரன் வகுப்புத் தொடங்குகிறது, சேர்வதற்குப் படகில் வேலை செய்த நாட்களைக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, யாருக்குக் கீழ் வேலை செய்தோமோ அந்தக் கப்ரன் தன் கையால் நிரப்பி ஒப்பமிட வேண்டும்.

"நானோ?" என்றேன்.

"வேறை ஆர்?" என்றார். "நீ படகு ஓடினால் நான் திரும்ப வாறன்."

டிசெம்பர் 8, திங்கள்

படிவத்தைச் சாப்பாட்டு மேசையில், அவர் இருக்கும் இடத்தில் வைத்தேன். பக்கத்தில் பேனா. நாட்களை மட்டும் நான் எழுதியிருக்கிறேன், இருபத்து மூன்று. பெயர்களை அவர்தான் எழுத வேண்டும்.

அவருடைய படகை அவரிடமிருந்து எடுத்தவள் நான். இப்போது அதே படகை ஓட்ட அவரிடமே கையெழுத்துக் கேட்கிறேன். வெட்கமில்லையா என்று என்னையே கேட்டேன். இருக்கிறது. அதைவிட அந்தத் தண்ணீர் எனக்கு வேண்டும்.

டிசெம்பர் 9, செவ்வாய்

காலையில் படிவம் நிரப்பியிருந்தது. பெரிய ஆங்கில எழுத்துக்களில், அழுத்தி, கவனமாக.

ஆனால் பெயர்கள் மாறிக் கிடந்தன. இடது பக்கத்தில் கப்ரன் என்ற பெட்டிக்குள் என் பெயர். வலது பக்கத்தில் உதவியாள் என்ற பெட்டிக்குள் அவர் பெயர். கீழே அவருடைய ஒப்பம்.

இடது பக்கம் தெரியாமல் எழுதிவிட்டார், கண் இன்னும் மோசமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து வெளியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கமாகப் போய் நின்றேன், அப்போதுதான் அவருக்கு என்னைத் தெரியும்.

"பெட்டி மாறிப்போச்சு," என்றேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"மாறேல்லை. ரண்டு பெட்டியையும் தலையைத் திருப்பிப் பாத்துத்தான் எழுதினனான்."

இதை அனுப்ப முடியாது. நாளைக்கு வேறொரு படிவம் எடுத்துவர வேண்டும்.